120 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி எங்கே நிற்கும்: டர்பன் வழிப் பயணிகளுக்கு ஒரு கணக்கு

புனித வெள்ளியன்று, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலிலும் மவுண்ட் எட்ஜ்கூம் மாரியம்மன் கோயிலிலும் கூடுகிறவர்களில் வெளியூர்க்காரர்கள் பலர் உண்டு. ஜோகன்னஸ்பர்க் அருகே லெனேசியாவிலிருந்தும் பிரிட்டோரியா அருகே லாடியத்திலிருந்தும் குடும்பத்தோடு புறப்பட்டு, என்3 நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 570 கிலோமீட்டர் ஓட்டி டர்பன் வந்து சேருகிறார்கள். அதே நாள்களில் அதே சாலையில் கடற்கரைக்குப் போகும் விடுமுறைக் கூட்டமும், துறைமுகத்துக்குச் சரக்கேற்றிப் போகும் லாரிகளும் சேர்ந்துகொள்கின்றன. புறப்படுமுன் எஞ்சின் எண்ணெயையும் ரேடியேட்டர் தண்ணீரையும் பார்க்கிறவர்கள் பலர். தம் வண்டி எத்தனை மீட்டரில் நிற்கும் என்று பார்க்கிறவர்கள் மிகச் சிலர். அந்தக் கணக்கை ஓட்டிக்கொண்டே மனத்தில் போடும் வழியையும், அதன்படி வேகத்தையும் இடைவெளியையும் அமைத்துக்கொள்ளும் முறையையும் இங்கே விளக்குகிறேன். பள்ளிக்கூட இயற்பியலுக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

நிறுத்தத் தூரம் என்பது இரண்டு தூரங்களின் கூட்டு. இடையூறு கண்ணில் பட்ட கணத்திலிருந்து கால் பிரேக்கை அழுத்தும் வரை வண்டி முழு வேகத்தில் ஓடும் தூரம் ஒன்று. பிரேக் பிடித்த பிறகு நிற்கும் வரை ஓடும் தூரம் மற்றொன்று. முதலாவதை நிர்ணயிப்பது ஓட்டுநரின் மூளை. இரண்டாவதை நிர்ணயிப்பது டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையிலுள்ள உராய்வு. எதிர்பாராத ஒன்றைக் கண்டு, இன்னதென்று உணர்ந்து, காலை எடுத்து வைக்க ஒரு சாதாரண ஓட்டுநருக்கு ஒன்றரை விநாடி ஆகும் என்று கொள்வது நியாயமானது. களைப்பிலும், பேச்சிலும், பின்னிருக்கையில் பிள்ளைகள் போடும் சண்டையிலும் அது எளிதாக இரண்டு விநாடியைத் தாண்டிவிடும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். ஆகவே ஒன்றரை விநாடியில் வண்டி 25 மீட்டர் போய்விடுகிறது. அதுவரை அதன் வேகம் சிறிதும் குறையவில்லை. அதன் பிறகு பிரேக். காய்ந்த நல்ல தார்ச்சாலையில் உராய்வுக் கெழுவை (டயர் சாலையை எவ்வளவு பற்றுகிறது என்பதைக் காட்டும் எண்) 0.7 என்று கொண்டால், வண்டியின் வேகம் ஒவ்வொரு விநாடிக்கும் ஏறத்தாழ 6.9 மீட்டர்/விநாடி என்ற அளவில் குறையும். நிற்க 2.4 விநாடி ஆகும். அந்த நேரத்தில் சராசரி வேகம் பாதி என்பதால், 20 மீட்டர் ஓடி நிற்கும். டர்பனின் கிங்ஸ்மீட் கிரிக்கெட் மைதானத்தில் ஸ்டம்புக்கும் ஸ்டம்புக்கும் இடையே உள்ள தூரம் அது. இரண்டையும் கூட்டினால் 45 மீட்டர். கவனியுங்கள்: நகர வேகத்தில், நிறுத்தத் தூரத்தில் பாதிக்கு மேல் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது.

மனத்தில் போடும் கணக்கு

வாய்பாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வேகமானியில் காணும் எண்ணின் கடைசிச் சுழியை நீக்கிவிடுங்கள். 60 என்றால் 6, 100 என்றால் 10. அந்த எண்ணை நான்கால் பெருக்கினால் பிரேக்குக்கு முந்தைய தூரம் மீட்டரில் கிடைக்கும் (உண்மையில் நான்குக்குச் சற்று மேல்). அதே எண்ணை அதனாலேயே பெருக்கினால் ஈரச் சாலையில் பிரேக் பிடித்து ஓடும் தூரம் கிடைக்கும். காய்ந்த சாலைக்கு அதில் பாதியையும் இன்னும் கொஞ்சத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஈரச் சாலையின் உராய்வுக் கெழுவை 0.4 என்று கொள்ளும்போது, இயற்பியல் சமன்பாடே தற்செயலாக இப்படி ஓர் எளிய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. இதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது வீண்.

60க்கு ஈரத்தில் 24ம் 36ம் சேர்ந்து 60 மீட்டர். 100க்கு 40ம் 100ம் சேர்ந்து 140 மீட்டர். நெடுஞ்சாலையில் சட்டம் அனுமதிக்கும் 120க்கு 48ம் 144ம் சேர்ந்து 192 மீட்டர். காய்ந்த சாலையில் அதே 120க்கு ஏறத்தாழ 130 மீட்டர். வேகம் இரு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது என்ற விதி இந்தப் பெருக்கலிலேயே அடங்கியிருக்கிறது. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றித் தீர்த்தால்தான் வண்டி நிற்கும்.

கனமான வண்டி தாமதமாகத்தான் நிற்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். கார்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியல்ல. நிறை கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் கூடுவது உண்மை; ஆனால் டயரைச் சாலையோடு அழுத்தும் விசையும், அதனால் உராய்வும் அதே அளவுக்குக் கூடுவதால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. சரக்கு லாரியில் இந்த ஈடு முழுமையாவதில்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

பத்து கிலோமீட்டர் கூடுதல் என்ன செய்யும்

மேலே கண்ட தூரங்களைவிட முக்கியமான ஒன்று உண்டு; ஆனால் சாலைப் பாதுகாப்பு அறிவுரைகளில் அது அரிதாகவே வருகிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தின் முன், 45 மீட்டர் தொலைவில், ஒரு பிள்ளை திடீரென்று சாலையில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார் பிள்ளையின் முன்னால் வந்து நின்றுவிடும். பக்கத்துத் தடத்தில் 70ல் வந்த கார், அதே கணத்தில் அதே பிள்ளையைக் கண்டு அதே அழுத்தத்தோடு பிரேக் போட்டாலும், முதல் கார் நிற்கும் அந்த இடத்தை எந்த வேகத்தில் கடக்கும்? பத்து கிலோமீட்டர் என்று பெரும்பாலோர் சொல்வார்கள். கணக்கு வேறு விடையைத் தருகிறது: 45 கிலோமீட்டர்.

காரணம் இது. 70ல் வருகிற கார் ஒன்றரை விநாடியில் 29 மீட்டர் போய்விடும். பிரேக்குக்கு மீதி 16 மீட்டர்தான். தவிரவும், பிரேக் வேகத்தைக் குறைப்பது தூரத்துக்குச் சமமாக அல்ல. தொடக்கத்தில் வண்டி ஒவ்வொரு மீட்டரையும் வேகமாகக் கடந்துவிடுவதால் ஒரு மீட்டருக்கு மிகக் குறைவாகவே வேகம் இழக்கிறது. வேகத்தின் பெரும்பகுதி கடைசிச் சில மீட்டர்களில்தான் கரைகிறது. அந்தக் கடைசி மீட்டர்களே கிடைக்காமல் போனால் மோதல் கடுமையாகத்தான் இருக்கும். 80ல் வந்த கார் அதே இடத்தை 65 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும். நெடுஞ்சாலையில் 120க்குப் பதில் 140ல் வருகிறவர், 120ல் வந்தவர் நின்றுவிட்ட இடத்தை 80க்கும் மேற்பட்ட வேகத்தில் கடப்பார். தென்னாப்பிரிக்கச் சாலைகளில் உயிரிழப்போரில் ஏறத்தாழ ஐந்தில் இருவர் நடந்து செல்கிறவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், "பத்து கிலோமீட்டர்தானே" என்ற சமாதானம் எடுபடாது.

முன்வண்டியோடு இடைவெளி

ஓட்டுநர் பயிற்சியில் இரண்டு விநாடி என்றும் மூன்று விநாடி என்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். மூன்றே சரி என்பது என் கருத்து. அதையும் கணக்கால் காட்டலாம். முன்வண்டி பிரேக் போடும்போது அதுவும் சிறிது தூரம் ஓடித்தான் நிற்கும் என்பதால், நம் முழு நிறுத்தத் தூரத்தையும் இடைவெளியாக விட வேண்டியதில்லை. நாம் சுதாரிக்கும் ஒன்றரை விநாடி கட்டாயம் வேண்டும். அதற்கு மேல், இரண்டு வண்டிகளின் பிரேக் திறனுக்கும் உள்ள வேறுபாட்டையும் சேர்க்க வேண்டும். முன்னால் போவது புதிய டயர் போட்ட புதிய கார். 120 வேகத்திலிருந்து 69 மீட்டரில் நின்றுவிடுகிறது. நம்முடையது பத்து வயதான கார். அதற்கு 101 மீட்டர் தேவைப்படுகிறது. வேறுபாடு 32 மீட்டர், அதாவது அந்த வேகத்தில் ஏறத்தாழ ஒரு விநாடி. ஒன்றரையும் ஒன்றும் இரண்டரை. மிச்சம் அரை விநாடிதான் மூன்று விநாடி விதியில் நமக்குள்ள தாராளம். மழையில் நான்காக்கிக்கொள்ள வேண்டும்.

அளப்பது எளிது. முன்வண்டியின் பின்பகுதி ஒரு பலகையையோ பாலத்தின் நிழலையோ கடக்கும்போது, "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு, ஆயிரத்து மூன்று" என்று நிதானமாகச் சொல்லத் தொடங்குங்கள். சொல்லி முடிப்பதற்குள் உங்கள் வண்டியின் மூக்கு அதே இடத்தை எட்டிவிட்டால், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுங்கள். அவசரத்தில் எண்ணுவது வேகமாகிவிடும் என்பதால், முதல் சில தடவை பக்கத்தில் இருப்பவரைக் கடிகாரத்தைப் பார்க்கச் சொல்வது நல்லது. மூன்று விநாடி விட்டால் வேறொருவர் இடையில் நுழைந்துவிடுகிறார் என்ற புகார் எப்போதும் உண்டு, அது உண்மையும்தான். நுழைந்தால் மறுபடியும் பின்வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். 120ல் மூன்று விநாடி என்பது 100 மீட்டர். ஒருவர் நுழையும் ஒவ்வொரு தடவையும் அதே 100 மீட்டரைத் திரும்ப விட்டுக்கொடுத்தாலும், பயணம் மூன்று விநாடிதான் நீளும். பத்துப் பேர் நுழைந்தால் அரை நிமிடம்.

மழையும் டயரும்

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் குளிர்காலம் வறண்டது. மாதக்கணக்கில் சாலையில் படிந்த எண்ணெயும் ரப்பர்த் தூளும், செப்டம்பர் வாக்கில் வரும் முதல் மழையில் மிதந்து மேலே வந்து வழவழப்பாகிவிடுகின்றன. நன்றாகப் பெய்து கழுவிய பிறகு இருப்பதைவிட, தூறல் தொடங்கிய முதல் சில நிமிடங்களில் சாலை அதிகம் வழுக்கும். துடைப்பானைப் போட்ட அதே கணத்தில் வேகத்தையும் குறைப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் சிக்கல் வேறு வகையானது. டயரின் பள்ளங்கள் தண்ணீரை வெளியேற்றும் வேகத்தைவிட வண்டி வேகமாகப் போனால், டயர் தண்ணீர்ப் படலத்தின் மேல் ஏறிக்கொள்கிறது. உராய்வு கிட்டத்தட்ட இல்லாமலே போகிறது. விமானச் சக்கரங்களில் நடத்திய ஆய்விலிருந்து கிடைத்த ஒரு வாய்பாட்டின்படி, 2 பார் காற்றழுத்தமுள்ள தேய்ந்த டயர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும். காற்றழுத்தம் குறைந்தால் அந்த வேகமும் குறையும். ஆகவே கனமழையில் 80க்குக் கீழே வருவது கோழைத்தனம் அல்ல. ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிட்டதாகத் தோன்றினால் வண்டி மிதக்கிறது என்று அறிந்து, பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கைத் திருப்பாமல், ஆக்சிலேட்டரை மட்டும் மெல்ல விட வேண்டும்.

டயர் பள்ளத்தின் ஆழம் 1 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது இந்நாட்டுச் சட்டம். சட்டத்துக்கு அது போதும், மழைக்குப் போதாது. நீண்ட பயணத்துக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கிய டயரை நான் நம்ப மாட்டேன்.

சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. அதன் பெரிய உதவி, முழுப் பிரேக்கிலும் ஸ்டீயரிங் வேலை செய்வதுதான். ஆகவே அவசரத்தில் பிரேக்கை முழுப் பலத்தோடு அழுத்தி, பாதத்துக்கடியில் அது அதிர்ந்தாலும் விடாமல் வைத்துக்கொண்டு, இடையூறைச் சுற்றித் திருப்புங்கள். ஊர்ப்புற மண் சாலையில் நிலைமை வேறு: பூட்டிய சக்கரத்தின் முன்னால் குவியும் சரளைதான் அங்கே வண்டியை நிறுத்த உதவும், ஏபிஎஸ் அந்தக் குவியலைத் தடுப்பதால் தூரம் நீளக்கூடும். சுமை ஏற்றாத பக்கி வண்டிக்கு (பின்னால் திறந்த சரக்குத் தட்டுள்ள சிறு வண்டி) பின்சக்கரங்களின் மேல் சுமை குறைவு. ஈரத்திலும் மண்ணிலும் பின்பகுதி வீசிக்கொண்டு போவது அதனால்தான்.

இறக்கத்தில்

உள்நாட்டு மேட்டுநிலமான ஹைவெல்டிலிருந்து கடல்மட்டம் வரை இறங்கும் சாலை இது: வான் ரீனன் கணவாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு முன்னால் டவுன் ஹில் என்று நீண்ட சரிவுகள் வருகின்றன. சரிவில் புவியீர்ப்பின் ஒரு பகுதி பிரேக்குக்கு எதிராக வேலை செய்கிறது. நூற்றுக்கு ஆறு சரிவு என்றால் உராய்வுக் கெழுவிலிருந்து 0.06ஐக் கழித்துவிடலாம். காய்ந்த சாலையில் 0.7 என்பது 0.64 ஆவது பெரிய விஷயமில்லை, ஈரத்தில் 0.4 என்பது 0.34 ஆவது பெரிய விஷயம். 100 கிலோமீட்டர் வேகத்தில் 98 மீட்டராக இருந்த பிரேக் தூரம் 116 மீட்டராகிவிடும்.

லாரிகளின் நிலை இதைவிடக் கடினம். இந்நாட்டில் ஒரு சரக்கு லாரித் தொடரின் மொத்த எடை 56 டன் வரை இருக்கலாம். அது 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 1500 கிலோ எடையுள்ள ஒரு கார் 120ல் இருந்து நிற்கும்போது பிரேக் விழுங்கும் ஆற்றலைப் போல ஏறத்தாழ 66 மடங்கு. இதை முழுவதும் பிரேக்கே தாங்க நேர்ந்தால், டிரம்கள் சூடேறி விரிந்து, பிரேக் பிடிமானம் மங்கிவிடும். மேலேயே குறைந்த கியருக்கு மாற்றிக்கொண்டு, எஞ்சினின் தடுப்பைப் பயன்படுத்தி இறங்கச் சொல்வது இதனால்தான். 2013 செப்டம்பரில் பைன்டவுன் அருகே ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் கட்டுப்பாடிழந்த ஒரு லாரி மினிபஸ் டாக்சிகளின் மேல் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை டர்பன்வாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

கார் ஓட்டுகிறவர் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 9 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிகளுக்கு வேக வரம்பு 80 கிலோமீட்டர். அந்த வேகத்திலும் காற்றுப் பிரேக் பிடிக்க அரை விநாடி கூடுதலாகும் என்றும், வேகம் விநாடிக்கு 5 மீட்டர்/விநாடி என்ற அளவில் குறையும் என்றும் கொண்டால், அதன் நிறுத்தத் தூரம் 94 மீட்டர். காருக்கு அது 69. லாரியை முந்திய உடனே அதன் முன்னால் வெட்டி நுழைவது, லாரி ஓட்டுநர் தமக்காக வைத்திருந்த இடைவெளியை நாம் பறிப்பதாகும். உள்கண்ணாடியில் லாரியின் முகப்பு முழுவதும் தெரிந்த பிறகும் இரண்டு விநாடி கழித்தே இடப்பக்கத் தடத்துக்குத் திரும்புங்கள்.

இரவும் மூடுபனியும்

பார்வைக்கு எட்டும் தூரத்துக்குள் நின்றுவிட முடிய வேண்டும் என்பதே விதி. தாழ்த்திய முகப்பு விளக்கு சுமார் 50 மீட்டர்தான் வெளிச்சம் தருகிறது. அதை நம்பி 120ல் போவது, விளக்கின் எல்லைக்கு அப்பால் நிற்பதற்கு ஒப்புக்கொண்டு போவதாகும். எதிரில் வண்டி இல்லாதபோது உயர் விளக்கைப் போடுங்கள். கருப்புச் சட்டையில் சாலையோரம் நடப்பவரும், வேலி தாண்டி வந்த மாடும் விளக்குப் போட்டுக்கொண்டு வருவதில்லை.

வான் ரீனனில் மூடுபனி இறங்கும்போது மேலே சொன்ன மனக்கணக்கையே திருப்பிப் போடலாம். ஐம்பது மீட்டர்தான் தெரிகிறது, சாலையும் ஈரம் என்றால், 50 கிலோமீட்டருக்கு 20ம் 25ம் 45 மீட்டர். ஆகவே 50க்கு மேல் போகக் கூடாது. முப்பது மீட்டர்தான் தெரிகிறது என்றால் 35 கிலோமீட்டர். பனியில் முன்வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு ஒட்டிப் போவது பலருக்கும் ஆறுதலாகத் தோன்றும். அது ஆபத்து: முன்வண்டி பிரேக் போடாமல், நின்றிருந்த வேறொன்றில் மோதி நின்றுவிட்டால், அதன் பிரேக் தூரம் என்ற சலுகை நமக்குக் கிடைக்காது.

வண்டிக்குள்ளே இருப்பவர்களும் நிற்க வேண்டும்

60 கிலோமீட்டர் வேகத்தில் மோதிய கார், முகப்பு நசுங்கி 60 சென்டிமீட்டருக்குள் நிற்கிறது என்று கொள்வோம். உள்ளே இருப்பவர்மேல் வரும் விசை அவர் எடையைப் போல ஏறத்தாழ 24 மடங்கு. மடியில் இருக்கும் பத்துக் கிலோ குழந்தையை அந்தக் கணத்தில் பிடித்து நிறுத்த 240 கிலோ தூக்கும் பலம் வேண்டும். எந்தப் பாட்டிக்கும் அது கிடையாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைக் குழந்தை இருக்கையில்தான் அமர்த்த வேண்டும் என்ற விதி 2015 ஏப்ரல் 30 முதல் நடப்பில் உள்ளது. பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குத்தான்: பெல்ட் போடாதவர் முன்னிருக்கையில் இருப்பவர்மேல் அதே வேகத்தில் வந்து மோதுவார்.

வழியில் நின்றுபோனால்

பழுதான வண்டிக்குப் பின்னால் எச்சரிக்கை முக்கோணத்தைக் குறைந்தது 45 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்கிறது விதி. காய்ந்த சாலையில் 60 வேகத்துக்கான நிறுத்தத் தூரமும் அதுதான். என்3ல் வருகிறவர் 120ல் வருகிறார். அவருக்கு 130 மீட்டர் வேண்டும், மழையில் 192. ஆகவே நெடுஞ்சாலையில் சாலை விளிம்புக்கு வெளியே நடந்து, வரும் வண்டிகளைப் பார்த்தபடி, 150 மீட்டராவது பின்னால் போய் வையுங்கள்; நடையில் ஏறத்தாழ இருநூறு எட்டுகள். வண்டி வளைவுக்கு அப்பாலோ மேட்டுக்கு அப்பாலோ நின்றுவிட்டால், அந்த வளைவு அல்லது மேடு தொடங்கும் முன்னரே முக்கோணம் கண்ணில் பட வேண்டும். அதை வைக்கப் போகுமுன், வண்டியில் இருப்பவர்கள் எல்லாரையும் இடப்பக்கக் கதவு வழியாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அப்புறம், வண்டிக்கு நேர் முன்னால் நிற்காமல் பின்புறமாகச் சற்று விலகி நிற்கச் சொல்லுங்கள். பின்னால் வருகிறவர் மோதினால் நம் வண்டி முன்னோக்கித்தான் தள்ளப்படும்.